நாலு மணித் தலை

தலைவரின் முகம் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சுவரெல்லாம் ஒட்டியிருப்பது இருபது வருஷத்துக்கு முந்தைய முகம். ஆனால் அவர் மாளிகையில் இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும் மீன்காரியிலிருந்து நீதிபதி வரைக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குக் கிழக்கு மதிலுக்கு மேலே ஒட்டகச்சிவிங்கியின் தலை தெரிந்தால் இருக்கிறார். தெரியாவிட்டால் இல்லை. கொடியைக்கூட ஒருவரும் நம்புவதில்லை. கொடியை எவன் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

அந்தத் தலையை ஏற்றுகிறவன் நான்தான்.

என்னை ஒண்ணரை என்பார்கள். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் வந்த பெயர். மற்றவன் ஒன்று தூக்கினால் நான் ஒன்றும் மேலே ஒரு பாதியும் தூக்குவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கிடங்குக்கு லாரி வந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனது. வேறொரு நாட்டுத் தலைவர் எங்கள் தலைவருக்கு அன்பளிப்பு அனுப்பியிருந்தார். பெரிய பலகைக்கூண்டு. உள்ளே கழுத்தை நீட்ட வழியில்லாமல் மடக்கிக்கொண்டு நின்றது அந்த மிருகம். இறக்கி விட்டோம். மூன்று நாள் ஒரு இலையைத் தொடவில்லை. கால்நடை டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அன்பளிப்பு செத்தால் அனுப்பியவருக்கு என்ன பதில் சொல்வது என்று செயலாளர் அவர்மேல் எரிந்து விழுந்தார்.

நான் ஓரமாக உட்கார்ந்து கூண்டுப் பலகையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடரியில் ஏதோ சொரசொரவென்று ஈரமாகப் பட்டது. திரும்பினால் முழங்கை நீளத்துக்குக் கறுத்த நாக்கு. என் வேர்வையை நக்கிக்கொண்டிருந்தது. உப்புக்கு ஏங்கிப் போயிருந்தது போல. ஐயோ பாவம் என்று கிடந்த வேலங்கிளையை எடுத்துக் கையில் பிடித்தேன். தின்றது.

அதுதான் நான் செய்த தப்பு. கிளையைத் தரையில் போட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். என் கையைப் பழக்கிவிட்டேன். அதற்கப்புறம் நான் பக்கத்தில் நிற்காவிட்டால் அது வாயைத் திறக்காது. "இனிமே நீ இங்கதான்டா" என்றார் செயலாளர். முதுகுக்கு ஓய்வு கிடைத்தது என்று நானும் பல்லை இளித்தேன்.

அது பெட்டை. கழுத்தி என்று கூப்பிடுவேன். தலைவர் வைத்த பெயர் வேறு, அதைச் சொன்னால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

தலைவர் நாலு மணிக்குக் கிழக்கு மாடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். அந்நேரம் அது கண்ணெதிரே நிற்க வேண்டும் என்றார்கள். மதிலை ஒட்டி ஒரு இரும்புக் கம்பம் நட்டு, கப்பி மாட்டி, கம்பிக்கூடையில் தழையைத் திணித்துக் கயிற்றால் மேலே ஏற்றினேன். பன்னிரண்டு அடி மதில், அதற்கும் மேலே கூடை. கழுத்தி வந்து நின்று தின்றால் தலை முழுசும் தெருவுக்குத் தெரியும். தலைவர் வெளியூர் போனால் கூடையைக் கட்டக் கூடாது, பின்கொட்டகையிலேயே என் பக்கத்தில் வைத்துத் தீனி. "நான் இல்லாதப்போ என் மிருகத்தை ஊர் எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டாராம். ஒரு வருஷத்தில் ஊர் இதைக் கண்டுகொண்டது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால், நல்ல வெயிலில், சலவைத் துணி ஏற்றுகிற வேனில் ஏறித் தலைவர் குடும்பத்தோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன், பார்த்துவிட்டேன். சமையல்காரரும் பார்த்தார். தொப்பி என்று நாங்கள் கூப்பிடும் மாடிக் காவலனும் பார்த்தான். அரை மணி நேரத்தில் செயலாளர் எங்கள் மூவரின் போனையும் வாங்கிக்கொண்டு, யாரும் வெளியே போகக் கூடாது என்றார். வாசல் சிப்பாய்களிடம் தலைவருக்குக் காய்ச்சல், மாடியில் படுத்திருக்கிறார் என்று சொன்னார். என்னிடம் ஒரே வார்த்தை: "கூடை ஏறட்டும்."

ஊரில் அப்போது கொதிப்பு. ரொட்டி வாங்கப் போன பையன்களைச் சிப்பாய்கள் வேனில் ஏற்றிக் கொண்டுபோன வாரம் அது. தினமும் நாலு மணிக்கு மதிலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஆள் சேரும். தலை மேலே வரும். ஆள் கலையும்.

அந்தக் கூட்டத்தில் என் பெண்டாட்டியும் நிற்பாள்.

எங்கள் அறை பஸ் நிறுத்தத்துக்குப் பின்சந்தில் இருந்தது. அவளுக்கு மாசம். பதினோரு வருஷத்தில் இரண்டு தங்கவில்லை, இது மூன்றாவது. நாள் நெருங்கிவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. மதிலடியில் தண்ணீர் போக ஒரு துவாரம் உண்டு, சாண் அகலம், கம்பி போட்டது. குப்புறப் படுத்துப் பார்த்தால் எதிர்ப்பக்கத்துக் கால்கள் தெரியும். அவள் காலை ஆயிரத்தில் கண்டுபிடிப்பேன். ஒரு செருப்பில் பச்சை வார், அறுந்துபோனதற்கு நான் மாட்டிக் கொடுத்த நீல வார் இன்னொன்றில். தலை ஏறினால் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். செருப்பு தெரிந்தால் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். மூன்றாம் நாள் சமையல்காரர் கத்தினார். அன்றிலிருந்து அவரைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். தொப்பிதான் கதவிடுக்கு வழியாக ரொட்டி தள்ளினான்.

பதினேழாம் நாள் குனிந்து பார்த்தேன். செருப்பு இல்லை. வெறுங்கால். இரண்டு பாதமும் ஊதி, விரல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. செருப்புக்குள் நுழையாமல்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

செயலாளர் கீழறையில் காகிதங்களை எரித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"ஐயா, ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரியில சேத்துட்டு ஓடி வந்துடறேன்."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நேத்தும் இதான் சொன்னீங்க."

அவர் எரியும் தாளைக் குச்சியால் கிண்டினார். "ஒண்ணரை, உனக்கு உன் வேலையோட மதிப்பு தெரியல. அந்தக் காலத்து ராஜாக்கள் ஏன் ஒருத்தருக்கொருத்தர் யானையும் சிங்கமும் அனுப்பிக்கிட்டாங்க? கோட்டை வாசல்ல சிங்கத்தை எதுக்குக் கட்டி வச்சாங்க? ஊர்ல இல்லாத மிருகம் ஒருத்தன்கிட்ட இருந்தா, அவன்கிட்ட இல்லாதது எதுவுமே இல்லைன்னு ஜனம் நம்பும். படையைவிடப் பெரிய விஷயம்டா அது. இன்னிக்கு இந்த நாட்டையே நீதான் தாங்கிப் பிடிச்சிருக்க."

"நாட்டை இறக்கி வச்சுட்டுப் போறேங்கய்யா. மூட்டை தூக்கறவனுக்கு இறக்கி வைக்கவும் தெரியும்."

சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். "எனக்குப் பாதை சரியானதும் உனக்கும் திறந்துவிடறேன். போ. நாலு மணி ஆகப்போகுது."

அவருக்குப் பாதை சரியாகும் வரைக்கும் ஊர் ஏமாற வேண்டும். ஊர் ஏமாறும் வரைக்கும் நான் உள்ளே கிடக்க வேண்டும். அவ்வளவு எளிய கணக்கு அது. கூடை ஏறாவிட்டால் எல்லாம் முடியும் என்றும் அப்போதுதான் உறைத்தது.

பதினெட்டாம் நாள் கம்பத்துப் பக்கமே போகவில்லை. பின்கொட்டகையில் நல்ல கொழுந்துத் தழையாகப் பார்த்துக் கட்டினேன், கூடவே குதிரைமசால் தீவனம் ஒரு கட்டு, உப்புக்கல் ஒன்று. மூன்றரைக்கே கழுத்தி வயிறு முட்டத் தின்றது. வேலை முடிந்தது என்று வாசல் தூணில் சாய்ந்தேன்.

மாடிக் கடிகாரம் நாலு அடித்தது. கழுத்தி மெல்லுவதை நிறுத்தியது. ஒரு பார்வை என்னைப் பார்த்தது, திரும்பியது, அதுபாட்டுக்கு மெதுவாக நடந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். வாலைப் பிடித்து நிறுத்த அது கழுதையா? உதைத்தால் மண்டை சிதறும். மதிலோரம் போய், வெறும் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தது. கூடை இல்லை, தழை இல்லை. ஆறு வருஷம் நாலு மணிக்கு நான் அங்கே நின்றிருக்கிறேன், அதுவும் வந்து நின்றது.

மதிலுக்கு அப்பால் கால்கள் கலைந்து போகும் சத்தம். செயலாளர் மாடத்திலிருந்து கையைத் தூக்கி எனக்குச் சபாஷ் போட்டார்.

குனிந்து துவாரத்தில் பார்த்தேன். வெறுங்கால்கள் மட்டும் ரொம்ப நேரம் நகரவில்லை.

அன்றைக்கெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தீனிக்காகப் போகவில்லை. அப்படியென்றால் எதற்கு? நான் கொட்டகையிலிருந்து கிளம்பிப் போகும் நேரம் அது. தினமும் நான் முன்னால் போவேன், அது பின்னால் வரும். அன்று நான் கொட்டகை வாசலில், பாதி வெளியே நின்றேன். நான் உள்ளேயே இருந்தால்?

பத்தொன்பதாம் நாள், அதாவது நேற்று, மூன்றே முக்காலுக்குக் கழுத்தியைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் நானும் உள்ளே நின்று, உள்தாழ்ப்பாளைப் போட்டேன். ஏற்கனவே அடைபட்டவன் இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டேன். இரும்புக் கதவு, அது உதைத்தும் தாங்குகிற கதவு. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். நாலு அடித்தது. கழுத்தி கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து என் பிடரியை நக்கத் தொடங்கியது.

நாலேகாலுக்குக் கதவு தடதடத்தது. தொப்பி.

"அண்ணே, திறங்கண்ணே! செயலாளர் கத்துறாரு!"

"கத்தட்டும்."

"துப்பாக்கி எடுத்துட்டு வர்றாருண்ணே!"

வந்தார். கதவை உதைத்தார். அவர் காலுக்குத்தான் வலித்திருக்கும். "நாய்ப்பயலே, சுட்டுடுவேன்."

"சுடுங்கய்யா. அப்புறம் இதை யாரு மதிலுக்குக் கூட்டிட்டுப் போவா? நீங்க தழை காட்டுங்க, வருதான்னு பாப்போம்."

 அதற்குள் தெருச் சத்தம் கேட்டது. முதலில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் முணுமுணுக்கிற மாதிரி. பிறகு கடைக் கதவுகள் இழுத்து மூடும் சத்தம். பிறகு முணுமுணுப்பு இல்லை, இரைச்சல். ஒரு கார் கிளம்பியது. பின்வாசல் கிறீச்சிட்டது.

தொப்பி மறுபடி தட்டினான், இந்தத் தடவை மெதுவாக. "அண்ணே, அவரு போயிட்டாரு. வாசல்ல சிப்பாயுங்களும் மதிலை மதிலைப் பாத்தானுங்க, ஒவ்வொருத்தனா சட்டையக் கழட்டிட்டு நழுவிட்டானுங்க. சமையல்காரரைத் திறந்துவிட்டுட்டேன். நானும் போறேன். என்னை யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க."

"உன் பேரே எனக்குத் தெரியாதேடா."

"அதான் நல்லது" என்று ஓடினான்.

நானும் ஓடினேன். தாழ்ப்பாளைத் திறந்ததுதான் தெரியும், திரும்பப் போட்டேனா என்று நினைக்கவே இல்லை. முன்வாசல் பெரிய கதவில் இருந்த சின்னத் திட்டிக்கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் விழுந்தேன்.

தெரு நிறைய ஜனம். கையில் கம்பி, கல், ஒருத்தி கையில் சப்பாத்திக் கட்டை. மதிலுக்கு அறுபது அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். "உள்ள யாரும் இல்ல! வாங்க!" என்று கத்தினேன்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தார்கள். முன்வரிசை நின்றது. பின்வாங்கியது. சப்பாத்திக் கட்டைக்காரி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

திரும்பிப் பார்த்தேன். மதிலுக்கு மேலே கழுத்தி.

"இருக்காருடா" என்றது ஒரு குரல். "தூங்கி லேட்டா எழுந்திருப்பாரு. கலைங்க, கலைங்க."

"இல்லைங்க! போயிட்டாரு, பத்தொன்பது நாளாச்சு! நான்தான் அதுக்குத் தீனி போடறவன்!"

"யோவ், எங்களை மாட்டிவிடப் பாக்கறியா? ஆளில்லாமயா அது நிக்குது?"

கூட்டம் ஓரங்களில் கரைய ஆரம்பித்தது. அப்போது பஸ் நிறுத்தத்தில் உட்காரும் பலகையில் அவளைப் பார்த்தேன். ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை இடுப்பில். ஓடிப்போய்ப் பிடித்தேன். முகமெல்லாம் வேர்வை.

"வலியா?"

"விட்டு விட்டு வருது. ஏங்க, அதைப் பாருங்க."

பார்த்தேன். நான் ஓடிவந்த திசையில் கழுத்தியும் மதிலோரம் நகர்ந்திருந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நடங்க" என்றாள்.

"இப்பவா? உனக்கு..."

"நடங்கன்னு சொல்றேன்ல!"

தெருவில் இடதுபக்கம் நடந்தேன். தலை இடதுபக்கம் வந்தது. நின்றேன். நின்றது. வலதுபக்கம் திரும்பி ஓடினேன். மதிலுக்கு மேலே அந்தத் தலை, ரெண்டு கொம்பும் ஆட, காதை விடைத்துக்கொண்டு எனக்குச் சமமாக ஓடி வந்தது. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.  பிறகு அந்தச் சப்பாத்திக் கட்டைக்காரி, "அட கருமமே! நாம பயந்தது இவனுக்கா?" என்றாள். யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"யப்பா, இன்னொரு தடவை நட. பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியல."

நடந்தேன்.

"இந்தச் சந்துல இருந்து இப்பதான் வர்றோம், இன்னும் ஒரே ஒரு தடவை."

நடந்தேன். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு தடவையும் கூட்டம் பெருத்தது. ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார், நானே அந்த மிருகம் மாதிரி. பலகையிலிருந்து அவள் குரல் வந்தது. "போதும்! வாங்க!" அது கெஞ்சல் இல்லை.

கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு போய் அவளைத் தூக்கினேன். ஒன்றரை மூட்டைதான் இருப்பாள். பின்னால் மாளிகை வாசல் கதவு விழுகிற சத்தம் கேட்டது. நான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினேன்.

மதில் முடிகிற மூலை வரைக்கும் அது எங்களோடு வந்தது. அதற்கப்புறம் அதற்கு வழியில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நின்னுடுச்சு."

"ம்."

"நாளைக்கு யாரு தீனி போடுவா அதுக்கு?"

நடையை எட்டிப் போட்டேன். என் பிடரி இன்னும் ஈரமாகவே இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு மணிக்குள்ள புள்ளையப் பாத்துட்டுப் போங்க."