பெரிசா மாத்திப் போடுங்க

தங்கச்சி போனில் சத்தம் போடவில்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். நிலைமை மோசமாக ஆக அவள் குரல் இறங்கிக்கொண்டே போகும்.

"அண்ணே, குட்டி ரூம்ல சுவத்துப் பெட்டி மேல காயப்போட்ட சாக்ஸ் கருகியிருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

நான் எலக்ட்ரீஷியன். அந்த வீட்டுக்கு முதல் வயரிலிருந்து கடைசி ஸ்விட்ச் வரை நான்தான். சுவருக்குள் வயர்கள் சேருகிற ஒரு பெட்டி சாக்ஸைக் கருக்குகிறது என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைப் பாதியில் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

தங்கச்சி மகள் குட்டிக்கு எட்டு வயது. கதவைத் திறந்துவிட்டதே அவள்தான். "மாமா, அந்தப் பெட்டி ரொம்ப நாளா கதகதன்னு இருக்கும். ஈர சாக்ஸ் போட்டா காலையில காஞ்சிடும். நான்தான் கண்டுபிடிச்சேன்," என்று பெருமையாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். பெட்டி அவள் தலையணைக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், வாசலில் தண்ணீர் மோட்டாருக்காக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தேன். இரண்டரை எம்எம் வயர், இருபது ஆம்ஸ் பிரேக்கர். வயர் குட்டியின் அறைச் சுவருக்குள் போய், அந்தப் பெட்டியில் ஒரு ஜாயிண்ட் வாங்கி, வாசலுக்குப் போகும். போன வருஷம் தங்கச்சி வேலைக்காக எலக்ட்ரிக் கார் வாங்கியபோது, கார் கம்பெனி ஆள் அதே லைனில் சார்ஜரை மாட்டி, பதினாறு ஆம்ஸுக்கு மேல் இழுக்காதபடி வைத்துவிட்டுப் போனான். அதுவரைக்கும் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது மெயின் போர்டைத் திறந்தால், இருபது ஆம்ஸ் பிரேக்கர் இருந்த இடத்தில் நாற்பது உட்கார்ந்திருக்கிறது, பளபளவென்று.

"எந்தப் புண்ணியவான் இதை மாட்டினது?"

சமையலறையிலிருந்து மாப்பிள்ளை ஈரக் கையோடு வந்தார். தங்கச்சியின் கணவர். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சமையல், துணி, குட்டியைப் பள்ளியில் விடுவது, அழைத்து வருவது எல்லாம் அவர்தான். நான் அவரை 'வீட்டு மேனேஜர்' என்று கேலி செய்வேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். ரோஷம் என்று ஒன்று இருந்தால் அப்படிச் சிரிப்பாரா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

"நான்தான் மச்சான்," என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தங்கச்சி நிற்கிறாள், குழந்தை நிற்கிறது என்றெல்லாம் பார்க்கவில்லை.

"பிரேக்கர் எதுக்குன்னு நெனச்சீங்க மாப்ள? காரைக் காப்பாத்தவா? சுவத்துக்குள்ள போற வயரைக் காப்பாத்த. இந்த வயர் தாங்கறது இருபது. அதுக்கு மேல இழுத்தா இவன் விழணும், விழுந்தாத்தான் நல்லவன். நீங்க அவனை வீட்டுக்கு அனுப்பிட்டு, நாப்பது வரைக்கும் தூங்கிட்டு இருக்கிறவனைக் காவலுக்கு வெச்சிருக்கீங்க. சார்ஜர் இப்ப எவ்வளவு இழுக்குது?"

"முப்பத்திரெண்டு."

"யாரு கூட்டினது?"

"நான்தான். போன்ல கூட்ட முடியுது. இவளுக்கு இப்ப தூரத்துல நாலு வீடு கூடியிருக்கு. ஒரு நாள் சார்ஜ் ஏறாம வழியில நின்னுட்டா. ஒரு பெரியவரு மத்தியானம் வரைக்கும் கட்டு மாத்தாமக் கெடந்தாரு. அன்னைக்கு வந்து அழுதா மச்சான்," என்றார்.

"அழுதா வயர் பெருசாகுமா? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரையும் கேக்கல," என்றார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்று வாரம் முன்னால், ஒரு கடையில் ஏணி மேல் நிற்கிறேன். வாயில் நாலு ஸ்க்ரூ. போன் அடிக்கிறது, மாப்பிள்ளை. "மச்சான், சார்ஜ் போட்டா அரை மணியில பிரேக்கர் விழுந்துடுது, என்ன செய்யட்டும்?" என்றார். நான் ஸ்க்ரூவைத் துப்பாமல் சொன்னேன்: "அது சின்னது மாப்ள. பெரிசா மாத்திப் போடுங்க." வைத்துவிட்டேன்.

நான் சொன்னது வயரை. அவர் கேட்டது பிரேக்கரை. என் வாக்கியத்தில் வயரும் இல்லை, பிரேக்கரும் இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே நாம் ஒரு நாள் முழுக்கப் பேசிவிடுவோம், எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும் என்று. எந்த வாடிக்கையாளர் கேட்டிருந்தாலும் "எதையும் தொடாதீங்க, நானே வந்து பாக்கறேன்" என்றிருப்பேன். கேட்டது வீட்டு மேனேஜர் என்பதால் ஒரு வார்த்தை மிச்சம் பிடித்தேன். அந்த வாரமே போய் வயரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதையும் மறந்துபோனேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு, ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு குட்டியின் அறைக்குப் போனேன். வேலை இருக்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பெட்டி மூடியைக் கழற்றினால், ஜாயிண்டைச் சுற்றி நான் போட்ட டேப் உருகி வழிந்திருந்தது. வயரின் மேல்தோல் பழுப்பாகி, விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

சமையலறையில் தங்கச்சி பேசுவது கேட்டது. அதே இறங்கின குரல்.

"நாளையிலேருந்து ஸ்கூல் விட்டதும் குட்டி உங்க அக்கா வீட்டுல இருக்கட்டும். வேலை முடிஞ்சு வரும்போது நான் கூட்டிக்கிறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்தப் பெட்டிக்குக் கீழ அவ தலை இருந்திருக்கு. இங்க எல்லாம் சரியா இருக்குன்னு நம்பித்தானே நான் அடுத்தவங்க வீட்டுல போய் நிக்கறேன். இனிமே எப்படி நிக்கறது?"

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "மாமா, அத்தை வீட்டுல யாரு எனக்குக் கணக்கு சொல்லித் தருவாங்க? அப்பா சொன்னா மட்டும்தான் எனக்கு மண்டையில ஏறும்."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று சொல்வார்கள். நான் கிள்ளியும் விட்டேன், தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மனுஷனைத் திட்டியும் விட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். எனக்குத்தான் நாக்கு எழவில்லை. காரணம் அசிங்கமானது, ஆனாலும் சொல்கிறேன். யார் வந்தாலும் தங்கச்சி சுவரைக் காட்டி, "எங்கண்ணன் இழுத்த வயரு, அம்பது வருஷம் ஆனாலும் அசையாது," என்பாள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பட்டம் அதுதான். அதை இழக்க எனக்கு மனசில்லை.

குட்டி எழுந்து போய்த் தன் கணக்கு நோட்டைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றேன். "அவரு கேட்டுட்டுத்தான் செஞ்சாரு. என்கிட்ட கேட்டாரு," என்றேன்.

தங்கச்சி திரும்பினாள். ஏணி, ஸ்க்ரூ, போன், நான் சொன்ன அரை வாக்கியம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிக்கும்போது என் குரலும் இறங்கியிருந்தது.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டாள். "நீங்க ஏன் சொல்லல?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "சார்ஜைக் கூட்டினது நான்தானே, அது பொய்யில்லையே," என்றார். அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மெதுவாகச் சொன்னார்: "நான் தப்புப் பண்ணினா உங்கண்ணனைக் கூப்பிடுவ. உங்கண்ணனே தப்புன்னு ஆயிட்டா, நீ யாரைக் கூப்பிடுவ? உனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

ரோஷம் இல்லாதவர் என்று நான் நினைத்த மனிதர். என் தங்கச்சிக்கு என் மேல் இருந்த நம்பிக்கையை, தன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "விடுங்க மச்சான்," என்று அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

தங்கச்சி விடவில்லை. "மூணு வாரம் அவ அங்கதான் படுத்திருந்தா அண்ணே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவரிடம், "நாளைக்கு எப்பவும் போல நீங்களே போய்க் குட்டியைக் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவப் போனாள்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பழைய வயரை அடியோடு உருவி எடுத்தேன். புதிதாகப் பத்து எம்எம் வயர், குட்டியின் அறைப் பக்கமே போகாமல், வெளிச்சுவரோடு தனிக் குழாயில் போட்டுச் சார்ஜருக்குக் கொண்டுபோனேன். நடுவில் ஒரு ஜாயிண்ட் கிடையாது. முப்பத்திரண்டு இழுக்கும் சார்ஜருக்கு இப்போது நாற்பது சரிதான். வயர் அதற்கு மேலும் தாங்கும். கூடவே கரண்ட் கசிந்தால் விழுகிற பிரேக்கர் ஒன்றையும் சேர்த்தேன். மாப்பிள்ளை கூடவே நின்று குழாயைப் பிடித்தார், கிளாம்ப் அடித்தார். நான் ஒரு கேலியும் பேசவில்லை. பழக்கமில்லாததால் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் பிரேக்கரை மாட்டப் போனேன். தங்கச்சி என் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை வாங்கி அவரிடம் கொடுத்தாள். "மெயின் அணைச்சிருக்கில்ல? அவரு மாட்டட்டும். நீ பாத்துக்க."

அவர் வயரை நுழைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கினார். நான் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு வயரையும் இழுத்தும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு மெயினைப் போட்டேன்.

தங்கச்சி புது பிரேக்கர் மேல் விரலை வைத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் என்னைத்தான் பார்ப்பாள். அன்றைக்கு அவரைப் பார்த்து, "போடவா?" என்று கேட்டாள். எனக்கு வலித்தது. அவர் ஒரு தடவை போர்டைப் பார்த்துவிட்டு, "போடு," என்றார்.