இடது பக்கத் திரை

ஹெல்மெட் மாதிரி இருந்த அந்தக் கருவியைத் தலையில் மாட்டுவதற்கு முன்பே தலையாட்டிக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கிடங்கில் பதினெட்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சரக்கைத் தூக்கி அடுக்குவதற்கு முன் தலையை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக்கொள்வார். அதனால் வந்த பெயர். ஏன் ஆட்டுகிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

அவருடைய இடது கண் பேருக்குத்தான் இருந்தது. கண்ணில் கோளாறில்லை, சின்ன வயதிலேயே மூளை அதைக் கழித்துக்கட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறுபட்ட இரண்டு படங்களை அனுப்புமாம். மூளை இரண்டையும் ஒப்பிட்டு எது கிட்டே, எது தூரம் என்று கண்டுகொள்ளுமாம். இவருக்கு ஒரே படம். ஆனால் தலையை ஆட்டினால் கிட்டே இருப்பது வேகமாக நகரும், தூரத்தில் இருப்பது மெதுவாக நகரும். அந்த ஒரு வித்தையை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். வேலைக்குச் சேர்ந்தபோது கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பித்த மகானுபாவர். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இப்போது வந்திருக்கும் அலமாரிகள் மூன்று மாடி உயரம். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு திரை வைத்துப் பொய்க் கிடங்கைக் காட்டும் அந்தக் கருவிக்குள் முதலில் வண்டி ஓட்டிக் காட்டவேண்டும். இந்தச் சோதனையில் தேறாதவர்களுக்கு வண்டி கிடையாது, அட்டைப்பெட்டி ஒட்டத்தான் போகவேண்டும். "பேசாம சொல்லிடுங்களேன். எனக்கு இருப்பே கொள்ளல," என்றாள் மனைவி காலையில். அவருக்கு மட்டும் இருப்புக் கொண்டதா என்ன? பொய்யான உலகத்தில் தலையை ஆட்டினால் அந்த உலகம் கூடவே நகருமா? ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்காமல் போனது இந்தக் கேள்வியால்தான்.

மாட்டினார். ஆட்டினார். நகர்ந்தது! கிட்டத்துத் தூண் விறுவிறுவென்று, பின்னால் இருந்த சுவர் சோம்பலாக. அவருக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. ஆறு சுற்றிலும் ஒரு பெட்டியைக்கூட இடிக்கவில்லை.

"கலக்கிட்டீங்கண்ணே!" என்று சிரித்த, சோதனையை நடத்திய பெண், அடுத்தவருக்காகச் சரிபார்க்கக் கருவியை வாங்கித் தன் கண்ணில் வைத்தாள். உடனே பதறிக் கழற்றினாள்.

"ஐயய்யோ, இடது பக்கத் திரை இருட்டா கிடக்கே! எப்போலேர்ந்துண்ணே?"

அவருக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

"காலையில முதல்ல வந்தவருக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒரு நிமிஷம் தாங்கல, கத்தித் தீர்த்துட்டாரு. சரியாயிடுச்சுன்னுதான் நெனச்சேன். நீங்க வாயே திறக்கலியே?"

"இப்பதான்..." என்று இழுத்தார்.

"எந்தச் சுத்துல போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சர்வீஸுக்கு அனுப்பணும்." தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. சும்மா கேட்கிறாளா, கண்டுபிடித்துவிட்டாளா? பேனாவைக் காற்றில் தடவாமல் ஒரே எட்டில் வாங்கிவிடவேண்டும், அவ்வளவுதான். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கை எழுவதற்கு முன்பே தலை தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை ஆடியது.