வாய்ப்பைத் தவற விடாதீர்கள்

எங்கள் கம்பெனி ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கி விடுகிற கம்பெனி. நடுநடுவே கார்களுக்கு ஒயரும் கட்டும். ஹாஸ்டலில் இருக்கும் டிரெய்னிப் பெண்களுக்கு ஆளுக்கொரு வழிகாட்டி, மாதம் ஒரு வகுப்பு. நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு கேன்டீன் மாடியில் நடக்கும். வகுப்பு முடியாமல் பஸ் கிளம்பாது, கேட்டும் திறக்காது. அதனால் ஒருத்திகூட ஆப்சென்ட் கிடையாது. ரிப்போர்ட்டில் இதற்குப் 'பேரார்வம்' என்று பெயர்.

லைனில் என் பக்கத்தில் நிற்பவள் பாண்டிச்செல்வி, நாங்குநேரிப் பக்கத்துப் பெண். டிப்ளமா சேர்ந்தே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். நாங்கள் டீ குடிக்கும் நேரத்தில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய வழிகாட்டி ஷிஃப்ட் மேனேஜர் மணிகண்டபிரபு சார். தங்கமான மனிதர். எவ்வளவு பெரிய கனவு வேண்டுமானாலும் காணச் சொல்வார், லீவு மட்டும் கேட்கக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை தண்டலத்தில் அவளுக்கு நுழைவுத் தேர்வு. ஒன்பதரைக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்கே எங்கள் வழிகாட்டித் திட்டத்தின் ஆண்டு விழாவும். தலைப்பு, 'வாய்ப்பைத் தவற விடாதீர்கள்'.

ஷிஃப்ட் முடிந்ததும் சாரிடம் போய் நின்றாள். "சார், ஒரு கேட் பாஸ் போட்டுத் தாங்க சார். பரீட்சைக்குப் போவணும்."

"உனக்காகத்தாம்மா ஃபங்ஷனே! நம்ம பேட்ச்ல தேர்வு எழுதப் போற முதல் பொண்ணு நீ. சீஃப் கெஸ்ட் கையால பொன்னாடை. ஏழரைக்கெல்லாம் முடிஞ்சிடும்."

சீஃப் கெஸ்ட் எட்டரைக்கு வந்தார். ஒரகடத்தில் டிராஃபிக்காம். ஃபேனை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு அவர், தான் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கதையை ஆரம்பித்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

"யக்கா, மணி என்னாச்சு?" என்று பாண்டிச்செல்வி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி பண்றது? அந்தாளு வாயைப் போய்ப் பொத்தவா முடியும்?" என்றேன்.

ஒருவழியாக அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை, ஷீல்டு, ஃபோட்டோ. வழிகாட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"சார், கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க சார். ஒம்பதேகாலாயிட்டு. இனி நான் எப்பம் போயிச் சேர?"

முதலில் சீஃப் கெஸ்ட் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

"வந்தப்போ வாயே திறக்காத பொண்ணு சார் இது! இப்போ என்ன கான்ஃபிடன்ஸ் பாருங்க!" என்று மணிகண்டபிரபு சார் கண் கலங்கினார். மேடையிலேயே கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். ஃபோட்டோ சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு தடவையும் போட்டார்.

பொன்னாடைக்கு மரியாதை கொடுத்துச் செக்யூரிட்டி என்னையும் சேர்த்தே வெளியே விட்டான். ஆட்டோ பிடித்துப் பறந்தோம். தண்டலத்தில் காலேஜ் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, சால்வைலாம் போத்திகினு வந்துகீறே, கண்ணாலமா? உள்ள பரீட்சை நடக்குது. அடுத்த வருசம் வா, போ."

நடுரோடு என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். என்னால் தேற்ற முடியவில்லை.

திங்கட்கிழமை சார் சிரித்த முகமாக லைனுக்கு வந்தார். "எப்படிம்மா எழுதின?"

"எங்க சார் எழுத? நீங்கள்லாம் கைதட்டி முடிக்கதுக்குள்ள அங்க கேட்டைப் பூட்டிட்டாவ."

சாருக்கு முகம் மாறியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிடாதம்மா. நீ எழுதிட்டேன்னு ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் போயிடுச்சு."

பாண்டிச்செல்வி கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள்.

"அப்பம் அடுத்த வருசம் எதுக்குன்னு சொல்லி சார் கேட் பாஸ் கேக்க?"