கால் படுவதற்கு முன்

ஆலங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் சாயங்காலம் ஜூடோ வகுப்பு நடக்கிறது. ஆறாவது படிக்கும் தேவிப்ரியா அதில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. முதல் மாதம் முழுக்க விழுவதற்குத்தான் பாடம். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கீழே விரித்திருக்கும் ‘மேட்’ மெத்தையில் பின்மண்டை படக் கூடாது, விழும்போதே கையால் மேட்டை ஓங்கி அறைய வேண்டும். கடலைக் காட்டு வரப்பில் தடுக்கி விழுந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. எதிராளியின் சட்டைக் கையையும் காலரையும் எப்படிப் பிடிப்பது என்பதையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

வினை வந்தது காலைத் தட்டும் பாடத்தில். எதிராளி அடியெடுத்து வைக்கிற நேரம் பார்த்து, அவள் பாதத்தை உள்ளங்காலால் ஒதுக்கிவிட்டு, பிடித்த கையைக் கீழே இழுக்க வேண்டும். தேவிப்ரியா அழகாகத்தான் ஒதுக்குவாள். ஒதுக்கிய கையோடு பிடியை விட்டுவிட்டு, எதிராளியின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டாமா? அதற்குள் எதிராளி சுதாரித்து இவளை மல்லாத்திவிடுவாள்.

பயிற்சி கொடுக்கும் ஜெனிபர் மிஸ் சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். ஒருநாள் அவள் வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டியும் பார்த்தார். இடது கை கண்ணுக்குப் போனது. மற்ற பிள்ளைகள் அவளுக்கு ‘கும்பிடுசாமி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். தேவிப்ரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றா செய்கிறாள்? கை அது பாட்டுக்குப் போகிறது.

கையை அப்படிப் பழக்கியது அவளுடைய அம்மா மலர்க்கொடிதான். புத்தகத்தில் கால் பட்டாலும் சரி, தம்பியின் மேல் பட்டாலும் சரி, தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. அதே மலர்க்கொடி, மகள் அதுவரை ஆடிய மூன்று போட்டியிலும் வரிசையாகத் தோற்றதைப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் புதுக்கோட்டைப் போட்டியிலும் தோற்றால் ஜூடோவை நிறுத்திவிட்டு டியூஷனுக்குப் போக வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். தடுப்பூசியைப் போட்டவளே காய்ச்சல் ஏன் வந்தது என்று கோபித்துக்கொண்டால் பிள்ளை எங்கே போகும்?

தேவிப்ரியாவுக்கோ ஜூடோவை விட மனமே இல்லை. மேட்டைக் கை அறைகிற ‘பட்’டென்ற சத்தம் சோறு தின்னும்போதுகூட அவள் காதில் கேட்டது.

புதுக்கோட்டையில் அவளுக்கு எதிராளி அறந்தாங்கியிலிருந்து வந்த சரண்யா. முறை வரும்வரை மேட் ஓரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்ததை தேவிப்ரியா செய்தாள். சரண்யாவின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று தடவை.

“எதுக்கு?” என்றாள் சரண்யா.

“கால் படும்ல, அதுக்கு.”

“இன்னும் படவே இல்லையே.”

“படும்.”

சரண்யா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நடுவர் கூப்பிட்டார். குனிந்து வணங்கினார்கள், பிடித்துக்கொண்டார்கள். ஒரு நிமிடம் வரை இங்கிட்டும் அங்கிட்டும் இழுபறிதான். முதலில் காலைத் தட்டியது சரண்யா. தேவிப்ரியா தடுமாறி எப்படியோ ஊன்றி நின்றுவிட்டாள். அப்போதுதான் பார்த்தாள். சரண்யாவின் வலது கை காலரை விட்டு, இவள் தோளைத் தொட்டு, கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை மாதமாகத் தன் கை போன அதே வழி.

அவளுக்குப் பாவமாக இருந்தது. டியூஷனும் ஞாபகம் வந்தது. சரண்யாவின் பாதத்தை உள்ளங்காலால் ஒதுக்கிக் கீழே இழுத்தாள். தன் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டாள். அது போகவில்லை, பிடித்த இடத்திலேயே இருந்தது. சரண்யா முதுகு முழுக்க மேட்டில் பட விழுந்தாள். நடுவரின் கை மேலே போனது. முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது.

கேலரியிலிருந்து மலர்க்கொடி இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பு நிறைந்து நின்றது. ஆனால் வாயைத் திறந்ததும் கேட்டது வேறு.

“அந்தப் பிள்ளைய மிதிச்சியே, தொட்டுக் கும்புட்டியா?”

“முன்னாடியே கும்புட்டுட்டேம்மா. மூணு தடவ.”

மலர்க்கொடி மகளின் பெல்ட்டை அவிழ்த்து, இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“அடுத்த போட்டியில அஞ்சாறு தடவையாக் கும்புட்டு வச்சிரு,” என்றாள். “பெரிய பிள்ளைகளா வருவாங்க. கால் நெறைய படும்.”