நிறுக்காத கிளைகள்

...சுள்ளிதானேம்மா, மரம் அப்பிடியே கீதே, என்று மரமறுக்கும் வரதன் சொன்னதை நினைக்க நினைக்கச் சுலோச்சனாவுக்கு வயிறு எரிந்தது. அப்படியே இருக்கிறதாம், வெட்டிச் சாய்த்த பாலை மரம், அடிமரம் துண்டு துண்டாக, பக்கத்தில் தொங்குதராசு, நிறுக்க மிச்சமிருந்த கிளையும் கொம்பும் மட்டும் காணோம், சாப்பிடப் போன நேரத்துக்குள்! பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே போனாள்? பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம், விறகு பொறுக்கும் வீரம்மாள் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போனதை... ஏரிக்கரை மேல் இருளர் குடிசைகளைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு என்ன சொல்வது? உத்திரமேரூர் தபாலாபீசில் டிரங்கால் போட்டுக் காத்துக் கிடந்து இதையா சொல்வது? அவருக்கென்ன, ஆனைமலை மழைக்காட்டில் பெரிய பெரிய மரங்களை நிறுத்தவர், காற்றிலிருக்கும் கரியை, கார்பனை, ஒரு காடு எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மரத்தை வெட்டி இலை வரைக்கும் நிறுக்க வேண்டும், குறைந்தால் அது கணக்கில் சேராது, வேறு மரம் வெட்டு, என்பார் சாதாரணமாக. வேறு மரமா? இந்த ஒன்றுக்கு அனுமதி வாங்க எத்தனை நடை! சாலவாக்கத்துப் புதர்க்காட்டில் மரமா கொட்டிக் கிடக்கிறது? மானாம்பதியில் சித்தப்பா தாமோதரன் வேறு, "பட்டணத்துல படிச்சுட்டு வந்து வெறகு மண்டி வெக்கப் போறியா இன்னா?" என்று நேற்றுக்கூடச் சிரித்தார். சிரிக்கட்டும், எல்லோரும் சிரிக்கட்டும்...

வீரம்மாள் குடிசை வாசலில் குந்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பச்சைக் கிளை சீறிப் புகைந்தது, பாலைதான், சந்தேகமே இல்லை. யாரைக் கேட்டு எடுத்தே, என்று சுலோச்சனா கத்தியதில் அவள் பதறி எழுந்தாள்.

"வெட்டிப் போட்டிருந்திச்சும்மா, வாணாம்னு போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். சரசு வூட்டுக்குக் கொஞ்சம், சொக்கம்மா வூட்டுக்குக் கொஞ்சம் குடுத்துட்டேன். இந்தாங்க, இத்த எடுத்துக்கினு போங்க."

எரிகிற கிளையை இழுத்து மண்ணில் அமுக்கி அணைத்து, பாதி கரிந்ததை நீட்டினாள். இதைத் தராசில் மாட்டி என்ன எழுதுவது, மீதி பாதி கண்ணெதிரே புகையாக வாசல் வேப்ப மரத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறதே... சிரிப்பதா அழுவதா? புகையில் கண் கரித்தது.

"வேணாம், வெச்சுக்கோ. இனிமே ஒதவாது. வேற மரந்தான் வெட்டணும்."

வீரம்மாளின் முகம் தெளிந்தது. "வேற மரமா? எப்பம்மா? நாங்க பச்சக் கொம்பத் தொட்டா பாரஸ்டு கார்டு கத்தியப் புடுங்கிக்கிறாரு. நீங்க வெட்டுனா கேக்கறவங்க இல்ல. இந்தத் தபா நீங்க நிறுத்தப்புறமே எடுத்துக்கறோம். சொல்லுங்க, எப்ப?"

எப்போது? ஓடை வளைவில் ஒரு பாலை நிற்கிறது, கிளையெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பழம் வைத்து, அடிமரம் நேராக, தராசு கட்டத் தோதான இடம்... அடுத்து வெட்ட அதைச் சுலோச்சனா எப்போது தேர்ந்தெடுத்தாள்? ஏரிக்கரையில் திட்டிக்கொண்டே வந்தபோதா? அதற்கும் முன்னாலா?