கொட்டாங்கச்சி நெருப்பு

லூர்தம்மாள் வீட்டு அடுப்பு பதினெட்டு வருஷமாக அணைந்ததில்லை. கேட்க ஆள் கிடைத்தால் இதை அவள் பெருமையாகவே சொல்வாள்.

பொம்மிடி ஸ்டேஷனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி ஏழே வீடு உள்ள தெரு அது. அவள் புருஷன் யாகப்பன் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். விடியுமுன்னே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனுக்கு ஒரு டம்ளர் வரக்காப்பியாவது கொடுத்தனுப்ப வேண்டுமே என்று, படுக்கப் போகும்போது புளியங்கட்டைத் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து வைப்பாள். காலையில் கிளறி நாலு சுள்ளியைப் போட்டு ஊதினால் பற்றிக்கொள்ளும்.

தெருவுக்கே அதுதான் நெருப்பு. மற்றவர்களிடம் தீப்பெட்டி இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் நெருப்பு இருக்கும்போது ஒரு குச்சியைக் கிழித்து வீணாக்க அந்தக் காலத்துப் பெண்களுக்கு மனசு வராது. அதிலும் ஐப்பசி மழையில் குச்சியெல்லாம் நமுத்துப் போய்விடும். ஆளுக்கொரு கொட்டாங்கச்சியோடு வந்து நிற்பார்கள். லூர்தம்மாள் இடுக்கியால் இரண்டு கங்கு எடுத்துப் போடுவாள். கங்கு அவிவதற்குள் வீட்டுக்கு ஓட வேண்டும். ஆனால் ஒருத்தியும் ஓடமாட்டாள். அங்கேயே நின்று கொட்டாங்கச்சியை ஊதி ஊதி, மாமியாரைப் பற்றி ஒரு பாட்டம் அழுது, ஆடு காணாமல்போன கதையைச் சொல்லி முடித்து, இரண்டாவது தடவை கங்கு வாங்கிக்கொண்டுதான் நகர்வாள்.

அறுபத்தாறில் யாகப்பன் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. காப்பி குடிக்க ஆளில்லாத வீட்டில் இன்னும் எதற்குத் தணலை மூடிக் காப்பாற்றுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "நாலு பேரு வருவாங்களே" என்றிருப்பாள். வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நின்றார்கள். மாரப்பன் பெண்டாட்டி மகனோடு ஓசூருக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் சந்தைக்குப் போனால் தீப்பெட்டியைக் கட்டாகவே வாங்கி வந்தார்கள். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. யாரும் சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் மிஞ்சியவள் எதிர்வீட்டு ராயம்மாள். இரண்டு வருஷமாக அந்த ஒருத்தி வந்து நிற்கும் கொஞ்ச நேரம்தான் லூர்தம்மாளுக்கு அன்றைய பேச்சு. மிச்ச நாளெல்லாம் அரை ஏக்கர் கடலைக்காட்டில் தானும் களைக்கொத்துமாக இருப்பாள். அந்த ராயம்மாள் வீட்டுக்கும் எழுபத்தொன்றில், தர்மபுரியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சின்னப்பன் ஒரு திரி ஸ்டவ் வாங்கி வந்தான். சீமெண்ணெயை ஊற்றித் திரியைத் தூண்டிக் கொளுத்தினால் தீர்ந்தது வேலை.

மறுநாள் லூர்தம்மாள் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ராயம்மாள் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய சின்ன மகன் விரலைப் பிடித்து இழுக்கவும் போய்விட்டாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ சேர்ந்து கிடந்தது. அடை வைத்த கோழி பதினொரு குஞ்சு பொரித்திருந்தது. கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. கோழியிடமே அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தபோது அவளுக்கே பயமாகப் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள்.

யாகப்பனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அந்த அடுப்பில் சோறு பொங்கவில்லையே தவிர, சாம்பலுக்கடியில் நெருப்பு இருந்தது. இப்போது சுர்ரென்று ஒரு சத்தத்தோடு முடிந்தது. புகையில் கண் எரிந்ததா, அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாதா படத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி கொளுத்துவதற்கென்று அவளிடமும் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதைப் பார்த்தாள். மாதாவையும் பார்த்தாள். "சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு கொட்டாங்கச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

"ராயம்மா, அடுப்பு அணைஞ்சு போச்சு. ரெண்டு கங்கு இருந்தாப் போடு புள்ள."

ராயம்மாள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "கங்குக்கு நான் எங்கக்கா போவேன்? எங்க வூட்டு அடுப்புல இப்ப சாம்பல்கூட இல்லீங்களே."

உண்மைதான். பழைய அடுப்பை வழித்து மெழுகி, அதற்குள் வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தாள். ஸ்டவ்வில் ஏது கங்கு? ஒன்பது நாள் உட்கார்ந்து யோசித்தவளுக்கு இது ஒன்று மட்டும் தோன்றவில்லை.

"அதுக்கென்னங்க்கா, இருங்க வரேன்" என்று உள்ளே போன ராயம்மாள், பிரிக்காத ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து அந்தக் கொட்டாங்கச்சிக்குள்ளேயே போட்டாள். "புதுசுங்க. நீங்களே வெச்சுக்கங்க. இனிமே இதுக்குன்னு யார் வூட்டுக்கும் அலையாதீங்க."

வாஞ்சையாகத்தான் சொன்னாள். அதனாலேயே லூர்தம்மாளுக்குத் தாங்கவில்லை. கோழிக்குஞ்சைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள்.

"கோழி..."

"பால் பொங்குதுங்க்கா" என்று ராயம்மாள் திரும்பி ஓடினாள். ஸ்டவ்வில் எல்லாம் சீக்கிரம் பொங்கிவிடுகிறது.

லூர்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஈரச் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, காய்ந்த சுள்ளியை அடுக்கி, பெட்டியைப் பிரித்து ஒரு குச்சியை எடுத்து உரசினாள். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. கொஞ்சம் நமுத்துப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.