திரும்பும் வழிக்குக் காற்று

1

இந்தக் கதை மகாபலிபுரம் கடற்கரையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலைவனத்தை நான் பார்த்ததில்லை. என் நண்பன் சௌகத் அலி பார்த்துக்கொண்டிருக்கிறான். ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். இந்த எழுபத்தொன்று டிசம்பர் பாகிஸ்தான் சண்டையில், ராஜஸ்தான் எல்லையில் இருக்கிறான். (இருக்கிறான் என்றே எழுதுகிறேன். சண்டை தொடங்கியதிலிருந்து தகவல் இல்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

'கேப்டன் திருநாவுக்கரசு மணலில் ஒரு கோடு கிழித்தார். எதிரியின் காவல் மேட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும், இந்தக் கோட்டுக்கு அப்பால் ஓரடி போகாமல் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். லாரிகள் மணலில் சீறிப் பாய்ந்தன...'

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் படித்துக் காட்டினேன். அடுத்த வீட்டு ஷஹர்பானு, சௌகத்தின் மனைவி, கையமர்த்தினாள்.

"இன்னாண்ணே, வண்டி இந்த ஓட்டம் ஓடுது? அலையோரத்து மணல்னு நெனச்சுகினியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். ஈர மணலில் வண்டி இறுக்கமாக ஓடும். நான் அறிந்த மணல் அதுதான்.

"போன லீவுல மகாபலிபுரத்துல காஞ்ச மணல்ல வேன் மாட்டிகிச்சே, நீயுந்தான தள்ளின? அவரு டயர்ல பாதிக் காத்த எறக்கினாரு. அப்பறம் ஏறிச்சா இல்லியா?"

"தள்ளிட்டு வந்து உங்கண்ணன் இடுப்பப் புடிச்சிகினு படுத்தாரே, அத எழுதச் சொல்லு," என்றாள் என் மனைவி கல்யாணி.

(எழுதிவிட்டேன்.)

3

லாரிச் சக்கரங்களில் காற்றை இறக்கினேன். மேடு பிடிபட்டது. இனித் திரும்ப வேண்டும். கோட்டோடு நிற்கிற சண்டைக்குத் திரும்பும் வழிதான் பாதித் திட்டம்.

முடிவு ஒன்று: 'கடைசி லாரியின் மேல் ஒரு குண்டு' — இல்லை. ஷஹர்பானு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

முடிவு இரண்டு: 'எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு வந்தார்கள்.' எனக்கே நம்பிக்கை வரவில்லை.

4

சண்டை நின்றுவிட்டதாக ரேடியோ சொன்னது. மறுநாள் காலை ஷஹர்பானு வந்து நின்றாள்.

"லாரி எங்க கீது?"

"மணல்லயே நிக்குது, தங்கச்சி."

"தார் ரோட்டுக்கு இட்டாந்துடு. ஆனா காத்தடிக்காம ஓட்டாத, டயர் கிழிஞ்சிடும். வூட்டுக்கு வரணுமில்ல?"

5

ஆகவே, தார்ச்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கின்றன. கடைசி லாரியின் சக்கரத்தருகே ஒருவன் பம்பை அழுத்திக்கொண்டிருக்கிறான். முதுகுதான் தெரிகிறது. டயர் மெல்ல மெல்ல நிமிர்கிறது.

என்னால் இதுவரைதான் கொண்டுவர முடிந்தது. ஷஹர்பானு புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். நான் கூப்பிட்டால், அது கதை எழுதுகிறவன் போடும் சத்தம், அவன் திரும்பமாட்டான். நீங்கள் கூப்பிடுங்கள்.

பெயரைத்தான் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேனே.